நாரத்தை அரை

ஜனவரி 9

என் மகனின் மனைவிக்கு,

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அதனால் மேலே உறவை மட்டும் எழுதியிருக்கிறேன். மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மரியாதை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் ஃபோன் செய்தான். "எப்படிம்மா இருக்கே" என்ற ஒரு வரியை முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. நடுவில் அப்படி ஓர் இருமல். என்னடா என்று கேட்டால், "லைன் கரகரங்குதும்மா" என்கிறான். எந்த ஊரில் லைன் இருமும்? எனக்கு வயதாகியிருக்கலாம், காது நன்றாகத்தான் கேட்கிறது.

அவனிடம் கேட்டுப் பயனில்லை. அப்பன் மாதிரியே மழுப்புவான். அதனால் உன்னிடம் கேட்கிறேன். இருமல் எப்போதிலிருந்து? சளி வருகிறதா, வறட்டு இருமலா? ராத்திரி தூங்குகிறானா? மெலிந்திருக்கிறானா?

உன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஆனாலும் ஃபோன் செய்ய மாட்டேன். ஃபோனில் வாய் தவறிவிடும், விட்ட வார்த்தையைப் பிடிக்க முடியாது. காகிதம் என்றால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். நான் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள், எனக்கு இதுதான் தோது.

பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டு, வெளியே வந்து டீ குடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் எனக்குத் தகவல் சொன்னீர்கள். அதைப் பற்றி இப்போது பேச வரவில்லை. கல்யாணத்துக்குத்தான் சொல்லவில்லை, காய்ச்சல் தலைவலிக்காவது சொல்லியிருக்கலாம்.

அவன் அப்பாவும் "வெறும் இருமல்தானே" என்றுதான் சொன்னார். அந்த வெறும் இருமலோடு ஒரு மழைக்காலம் முழுக்க வேலைக்குப் போய் வந்தார். கோடை வந்தபோது அவர் இல்லை. இதை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். நான் பயந்துபோயிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதமே.

இப்படிக்கு,
அவன் அம்மா


ஜனவரி 16

அத்தைக்கு,

அத்தை என்று எழுதலாமா என்று யோசித்தேன். பிடிக்கவில்லை என்றால் அடித்துவிடுங்கள். அடிப்பதும் திருத்துவதும் உங்களுக்குக் கைவந்த வேலை என்று உங்கள் மகன் சொல்லியிருக்கிறார்.

நான் ஃபோன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் பேசுவதற்காக ஃபோனைப் பிரித்துப் பூட்டுகிறேன். என் மாமியார் மட்டும் என்னோடு ஃபோனில் பேச மாட்டாராம். கடையில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மழை விட்டதிலிருந்தே இருமுகிறார். வரட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. சாயந்திரம் வேலை விட்டு வந்ததும் ஆரம்பிக்கும். படுத்தால் கூடும். தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்தபடி தூங்குகிறார். மெலிந்திருக்கிறார், ஆனால் கொஞ்சம்தான்.

பேக்கரியில் அவரை மாவு பிசையும் பகுதிக்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். அதுவும் மழை விட்ட சமயத்தில்தான். வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி குதித்தார். உங்களிடம் சொன்னாரா தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "இப்பத்தான் பொறுப்பு குடுத்திருக்காங்க, லீவு கேட்டா என்ன நெனைப்பாங்க" என்கிறார். நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மருந்துக்கடையில் வாங்கிய சிரப் இரண்டு பாட்டில் காலி.

மாடிவீட்டு டீச்சர், இருமலுக்குப் புளிப்பே ஆகாது, எலுமிச்சை ஆரஞ்சு எல்லாம் குளிர்ச்சி, நெஞ்சில் போய்க் கட்டிக்கொள்ளும் என்றார். அதனால் வீட்டில் எலுமிச்சம்பழம்கூட வாங்குவதில்லை. இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணம் பற்றி நானும் இப்போது பேச வரவில்லை. ஆனால் "முன்னாடியே சொன்னா அம்மா வேணாம்னு சொல்லிடுவாங்க" என்று சொன்னவர் உங்கள் மகன்தான். நான் சொல்லிவிடலாம் என்றுதான் சொன்னேன்.

மருமகள்


ஜனவரி 22

மருமகளுக்கு,

அத்தை என்பதை அடிக்கவில்லை. மற்றவற்றில் சிலதை அடித்திருக்கிறேன். உன் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், சிவப்பு மையைப் பார்த்துக் கோபப்படாதே. கையில் பேனாவோடு படித்தால் என் கை தானாகப் போய்விடுகிறது. வரட்டு இருமல் அல்ல, வறட்டு இருமல். வல்லின ற. வரட்டு என்று எழுதினால் வரட்டும் வரட்டும் என்று அழைப்பது போல இருக்கிறது. இந்த இருமலை நாம் யாரும் அழைக்கவில்லை.

அவனுக்குப் பதவி கிடைத்ததை என்னிடம் சொல்லவில்லை. நீ எழுதித்தான் தெரியும். சந்தோஷம். அவன் சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷம்.

மாடிவீட்டு டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் பாடம் நடத்தட்டும், வைத்தியம் வேண்டாம். புளிப்பெல்லாம் குளிர்ச்சி என்று யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தால் எதுவும்தான் தொண்டையைப் பிடிக்கும். எங்கள் வீட்டில் இருமல் என்றால் நாரத்தைதான். என் அம்மா எனக்குக் கொடுத்தாள், நான் அவனுக்குக் கொடுத்தேன். வெந்நீரில் பிழிந்து, தேன் விட்டு, ஆற விடாமல் குடித்தால் தொண்டையில் இறங்கும்போதே இதமாகிவிடும். சின்ன வயதில் அந்தத் தேனுக்காகவே பொய்யாக இருமுவான்.

எங்கள் அச்சகத்துக்குப் பின்னால் ஒரு நாரத்தை மரம் நிற்கிறது. யாரும் பறிப்பதில்லை. நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கி பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பையில் செய்முறையும் இருக்கிறது. உனக்குப் புரியும்படி சுருக்கமாக எழுதியிருக்கிறேன். அதன்படி செய். உன் புத்திசாலித்தனம் எதையும் சேர்க்காதே.

நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். சொன்னால் குடிக்காமல் இருந்துவிடப் போகிறான்.

அத்தை


பிப்ரவரி 2

அத்தை அவர்களுக்கு,

இது என் கடைசிக் கடிதம். சிவப்பு மையைத் தயாராக வைத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் எழுதி அனுப்பியதை அப்படியே கீழே எழுதுகிறேன், ஓர் எழுத்து மாற்றவில்லை. "நாரத்தை அரை. தேன் ஒரு கரண்டி. இஞ்சி ஒரு துண்டு. வெந்நீர் ஒரு தம்ளர். காலை, இரவு."

அரை என்றீர்கள். அரைத்தேன். வேலைக்காரியிடம் சொல்வது மாதிரி ஒற்றை வார்த்தையில் அரை என்று எழுதியதே எனக்குச் சுருக்கென்றது. சரி, பெரியவர்கள், அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தோலை எடுக்கச் சொல்லவில்லை, கொட்டையை எடுக்கச் சொல்லவில்லை. புத்திசாலித்தனம் சேர்க்காதே என்று வேறு எழுதியிருந்தீர்கள். ஆகவே முழுப் பழத்தையும் நறுக்கி மிக்ஸியில் போட்டு, தோலும் கொட்டையுமாக மையாக அரைத்து, வெந்நீரில் கரைத்துக் கொடுத்தேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ன இது?" என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது. "உங்க அம்மா அனுப்பினது" என்றேன். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "கோவம் இன்னும் போகல போலிருக்கு" என்றார். அவ்வளவுதான். மறுநாளும் குடித்தார். அதற்கு மறுநாளும் குடித்தார். வேண்டாம் என்று நான் தம்ளரைப் பிடுங்கினால், "அம்மா குடுத்தது, குடு" என்கிறார். கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டார். இருமல் அப்படியே இருக்கிறது.

நானும் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கெல்லாம் வாயில் கசப்பு போகவில்லை. கல்யாணத்துக்குச் சொல்லாத கோபம் இருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இப்படி மருந்து என்று சொல்லி அவரைத் தண்டிக்க வேண்டுமா?

மீதிப் பழங்களைத் தூக்கிப் போடவில்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

உங்கள் மகனின் மனைவி


பிப்ரவரி 7

மருமகளுக்கு,

உன் கடிதத்தை அச்சகத்தில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அன்று அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

அரைக்கச் சொல்லவில்லை, அம்மா. அரைப் பழம் என்றேன். பாதிப் பழம். பாதி நாரத்தையைப் பிழிந்து சாறு எடுக்க வேண்டும், அதற்குத்தான் அப்படி எழுதினேன். தேன் ஒரு கரண்டி, இஞ்சி ஒரு துண்டு, வெந்நீர் ஒரு தம்ளர் என்று வரிசையாகப் பொருளை முன்னால் போட்டு அளவைப் பின்னால் போட்டுக்கொண்டே போனேன். அதே மாதிரிதான் நாரத்தை அரை. பிழிவது என்ற வார்த்தையையே எழுதவில்லை. அது யாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

எதிர் மேஜையில் பக்கம் அமைக்கிற பெண்ணிடம் அந்த வரியைக் காட்டி, "இதைப் படிச்சா நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள். "மிக்ஸில போடுவேன்" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். இப்போது அச்சகம் பூராவும் தெரிந்துவிட்டது. மெஷின்காரர்கூட என்னைப் பார்த்து, "என்ன மேடம், அரையா, முழுசா?" என்கிறார்.

உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதியதைத்தான் நீ படித்தாய். அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள் நான். என் வரியில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, அதனால் எனக்கே கண்ணில் படவில்லை. வேலைக்காரியிடம் சொல்வது மாதிரி என்று எழுதியிருந்தாயே, அதுதான் ரொம்ப உறுத்துகிறது. அரைக்கச் சொல்ல வேண்டியிருந்தால் அரைத்துக்கொள் அம்மா என்று எழுதியிருப்பேன். நம்பு.

என் கோபம் என்று நினைத்துக்கொண்டா அவன் அதைக் குடித்தான்? மூன்று நாளும்? கோபம் இருந்தது உண்மை. இப்போது தேடினால் கிடைக்க மாட்டேன் என்கிறது.

வயிறு சரியானதும் சரியாகச் செய்து கொடு. பாதிப் பழம், கொட்டை விழாமல் பிழிய வேண்டும். தோல் வேண்டாம். இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டு, கொஞ்சம் ஆறியதும் சாறு, கடைசியில் தேன். மிதமான சூட்டில் குடிக்கட்டும்.

இன்னொன்றும் கேள். நாரத்தை தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவுதான் அதன் சக்தி. மழை விட்டதிலிருந்து நிற்காத இருமலை அது நிறுத்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எப்படியாவது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

கடைசிக் கடிதம் என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிட்டேன்.

அத்தை


பிப்ரவரி 20

அத்தைக்கு,

பஸ்ஸில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அப்படிச் சிரித்திருக்கிறேன். தண்டிக்க என்றெல்லாம் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த அரை விஷயத்தை உங்கள் மகனிடம் இதுவரை சொல்லவில்லை. நாம் இத்தனை கடிதம் எழுதிக்கொள்வது அவருக்குத் தெரியாது. அம்மா வேறு விதமாகவும் செய்யச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லிப் பிழிந்து கொடுத்தேன். முதலில் பயந்து பயந்து உதட்டில் வைத்தார். பிறகு, "இதுதான்! சின்ன வயசுல இதுதான் குடுப்பாங்க!" என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டார். நானும் அரைத் தம்ளர் குடித்தேன். இளம் புளிப்பும் தேனும் இஞ்சிக் காரமும் தொண்டையில் இறங்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. தினமும் காலை, இரவு கொடுக்கிறேன்.

அத்தை, நம்ப மாட்டீர்கள். இருமல் குறைந்துவிட்டது! இந்த வாரம் பேக்கரியில் அடுப்புப் புகைபோக்கி இடிந்து, அதைக் கட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் லீவு. வீட்டில் ஓய்வாக இருந்தார், நேரத்துக்கு மருந்து குடித்தார். படுத்துத் தூங்குகிறார், சாய்ந்து அல்ல, நீட்டிப் படுத்து. மாடிவீட்டு டீச்சரிடம் போய் நாரத்தை நாரத்தை என்று ஒரு பாட்டமே பாடிவிட்டு வந்தேன். அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள்தான் டாக்டர். வேறு டாக்டர் எதற்கு?

மருமகள்


பிப்ரவரி 25

மருமகளுக்கு,

பார்த்தாயா! புளிப்பு குளிர்ச்சியாம். அந்த டீச்சர் இனி வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன். நாரத்தைக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது என்று எனக்கே தெரியாது. போன கடிதத்தில் அதைக் குறைத்து எழுதிவிட்டேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்னொரு பை அனுப்பியிருக்கிறேன். மரத்தில் ஏறிப் பறித்தவர் மெஷின்காரர். கீழே நின்று விரட்டியது நான்.

டாக்டர் விஷயம் இனி அவசரம் இல்லை. நல்லபடியாக இருக்கட்டும்.

அத்தை

பி.கு.: உன் கடிதத்தில் ஒரே ஒரு பிழைதான். முன்னேற்றம். எது என்று சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி.


மார்ச் 6

அத்தை,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலைந்து காகிதம் கிழித்துவிட்டேன்.

இருமல் திரும்ப வந்துவிட்டது. முன்பைவிட மோசமாக. புகைபோக்கி கட்டி முடித்துப் பேக்கரி திறந்த அன்றே வந்துவிட்டது. நாரத்தை நிறுத்தவில்லை. இரண்டு வேளைக்கு மூன்று வேளையாகக் கொடுத்தேன். குடித்ததும் கொஞ்ச நேரம் அடங்குகிறது, பிறகு மறுபடியும். நேற்று படியேறி வந்து நின்றவர், நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் வர, பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பழுதான ஃபோன் வந்தால் எங்கள் கடையில் முதலில் கேட்பது, "எப்ப நின்னுது, அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?" என்பதுதான். இவரிடம் இத்தனை நாளாக நான் அதைக் கேட்கவே இல்லை. மாவுப் பகுதிக்குப் போனபோது ஆரம்பித்தது. லீவில் நின்றது. திரும்பப் போனதும் வந்தது. நாரத்தை நாரத்தை என்று கொண்டாடினோமே, அவர் சரியானது நாரத்தையால் இல்லை. அந்த வாரம் மாவுக்குப் பக்கத்தில் போகவில்லை, அவ்வளவுதான்.

நேராகக் கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு எப்போதோ தெரியுமாம். மூட்டையைப் பிரித்து மெஷினில் கொட்டும்போது அந்த அறை முழுக்கப் புகை மாதிரி மாவு எழும்பும், அப்போதே நெஞ்சு இறுகுமாம். "டாக்டர்கிட்ட போனா மாவைத் தொடாதேம்பாரு. மாவைத் தொடலேன்னா நான் எதுக்கு லாயக்கு? எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். அம்மாவிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சரி என்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

நான் சொன்னால் கேட்க மாட்டார் அத்தை. நீங்கள் அனுப்பியது என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கசப்பை மூன்று நாள் குடித்தவர். நீங்கள் சொல்லுங்கள். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

மருமகள்


மார்ச் 10

மருமகளுக்கு,

எழுதிச் சொல்கிற கட்டம் தாண்டிவிட்டது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

அவனிடம் முன்கூட்டிச் சொல்லாதே, பேக்கரிக்கு ஓடிவிடுவான். உங்கள் தெருப் பக்கத்தில் நெஞ்சு டாக்டர் யார் என்று விசாரித்து, நேரம் வாங்கி வை. எனக்காக எதுவும் சமைக்க வேண்டாம். படுக்க ஒரு பாய் இருந்தால் போதும்.

உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று போன வருஷம் அவனிடம் சொல்லியிருந்தேன். அது அப்போது.

அத்தை


மார்ச் 21

மருமகளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.

இத்தனை கடிதத்தில் உன்னை எவ்வளவு அதட்டியிருக்கிறேன், நீயும் எனக்கு எவ்வளவு பதில் கொடுத்திருக்கிறாய்! நேரில் பார்த்தால் இரண்டு பேருக்கும் வாயே வரவில்லை. உப்பு எங்கே, துண்டு எங்கே, ஃபேன் போடட்டுமா, இவ்வளவுதான் நாம் பேசியது. அவன் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான், சண்டை எப்போது ஆரம்பிக்கும் என்று. பாவம். அதனால் அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே வந்து எழுதுகிறேன்.

அவனை எப்படிக் கிளப்பினேன் என்று உனக்குத் தெரியாது, நீ டீ போட உள்ளே போயிருந்தபோது நடந்தது. நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "உங்கப்பாகிட்ட கெஞ்சினேன், கேக்கல. உங்கிட்ட கெஞ்ச மாட்டேன். செருப்பப் போடு" என்றேன். போட்டுக்கொண்டான். படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். எனக்குத் துணையாகப் பிடித்தானா, அவனுக்கு மூச்சுக்காகப் பிடித்தானா என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டர் அம்மா குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னபோது அவனோடு சேர்ந்து நானும் ஊதினேன், நீ பார்த்திருப்பாய். படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, மாவுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று அவர் சொன்னதும்தான் எனக்கு உயிர் வந்தது. இவன் அப்போதும், "வேலைய விடணுமா டாக்டர்?" என்றான். சின்னப் பையன் குரல். "ரொட்டிய விட வேண்டாம்ப்பா. அந்தத் தூசிய விடு. சீக்கிரம் வந்ததால சொல்றேன்" என்றாரே அந்த அம்மா, அவருக்குக் கோடி புண்ணியம். நாரத்தையைப் பற்றிக் கேட்டேன். தொண்டைக்கு நல்லது, தாராளமாகக் குடிக்கட்டும், ஆனால் தான் எழுதித் தந்த இன்ஹேலரை விட்டுவிடக் கூடாது என்றார். நான் தலையாட்டினேன். நாரத்தையைக் குறைத்துச் சொன்னதை வாபஸ் வாங்கி உனக்கு எழுதினேனே, அந்த வாபஸையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பேக்கரி முதலாளி அவனை அடுப்புப் பக்கம் மாற்றினாரா? தலைவர் பதவி போய்விட்டதே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறானா? எழுது.

வேறொன்று. திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இத்தனை கடிதத்திலும் அவன் எப்படி இருக்கிறான், தூங்கினானா, இருமினானா, இதையேதான் கேட்டிருக்கிறேன். உன்னைப் பற்றி ஒரு வரி கேட்டதில்லை. உன் வீட்டுக்கு வந்து, நீ போட்டுத் தந்ததைச் சாப்பிட்டு, உன் பாயில் படுத்து எழுந்து வந்திருக்கிறேன், அங்கேயும் கேட்கவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அத்தை


ஏப்ரல் 4

அத்தைக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். அடித்திருப்பது தெரியும், பரவாயில்லை.

நான் நன்றாக இல்லை அத்தை. அதாவது, இத்தனை நாளும் நன்றாக இல்லை. அவர் இருமலைக் கேட்டுப் பயந்ததில் பாதி அவருக்காக. மீதிப் பாதி எனக்காக. மாடிவீட்டு டீச்சர் ஒருநாள் படியில் நிறுத்தி, "உனக்கு முன்னாடி அவருக்கு இப்படியெல்லாம் இல்லையே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது மனதில் அப்படியே நின்றுவிட்டது. இவள் வந்த நேரம் என்று நீங்களும் எழுதிவிடுவீர்களோ என்று உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது பயந்தேன். முதல் கடிதத்தைக் கடையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பிரிக்கவே இல்லை. நீங்கள் எழுதவில்லை. எவ்வளவு கோபத்திலும் அதை எழுதவில்லை. அதற்காகத்தான் அத்தை என்று கூப்பிட்டேன், மரியாதைக்காக அல்ல.

சனிக்கிழமை கதவைத் திறந்தபோதும் அதே பயம்தான். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன இப்படி இளைச்சுக் கெடக்கே, சாப்பிடுறியா இல்லையா?" என்றீர்கள். கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வார்த்தையே அதுதான், உங்களுக்கே ஞாபகம் இல்லை.

இப்போது மற்ற விஷயம். முதலாளி அடுப்புப் பக்கம் மாற்றிவிட்டார். நல்ல மனுஷன். பதவியும் போகவில்லை, அடுப்புக்கும் ஒரு தலைவர் வேண்டுமாம். மாவு அறையில் தூசியை இழுத்து வெளியே தள்ள மெஷின் போடப் போகிறாராம், மற்றவர்களுக்கும் ஆகும் என்று. இவர் முதல் வாரம் ஊமையாக இருந்தார். இப்போது ரொட்டி எந்த நிறத்தில் எடுக்க வேண்டும், எந்த மூலையில் சூடு அதிகம் என்று என் காதைத் தின்கிறார். இன்ஹேலர் தவறாமல் எடுக்கிறார். காலையில் நாரத்தையும் குடிக்கிறார், பழக்கமாகிவிட்டது.

உங்களிடம் ஒன்றை எழுதாமல் மறைத்திருந்தேன். சிரித்தால் இருமல் கிளம்பிவிடும் என்பதால் அவர் சிரிப்பதையே நிறுத்தியிருந்தார். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் கையைக் காட்டி நிறுத்துவார், வேண்டாம் என்று. நானும் வேடிக்கை பேசுவதை விட்டுவிட்டேன். வீட்டில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இருப்பது மாதிரி இருந்தோம்.

நேற்று வேலை முடிந்து வந்தார். பேக்கரியில் முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு பின்வாசலில் நின்றிருக்கிறார். தெருவில் போன ஓர் அம்மா நின்று, "தம்பி, கரையானுக்கு மருந்தடிக்க வந்தியா? முடிச்சிட்டு எங்க வீட்டுக்கும் வந்துட்டுப் போ" என்று கதவு நம்பரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவரும் சரிங்கம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். நான் கையில் இருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, இப்போது வரும், இப்போது வரும் என்று இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் சிரித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ ஏன் அழுவுறே?" என்றார்.

நீங்கள் கேட்டீர்களே அத்தை. இப்படி இருக்கிறேன்.

உங்கள் மருமகள்